தெற்கே நின்றுபோன மணல்

மணலி என்ற பெயரிலேயே மணல் இருக்கிறது. கடலும் தூரத்தில் இல்லை. கிழக்கே திருவொற்றியூர், வடகிழக்கே எண்ணூர், எல்லாம் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் மணலியில் ஒரு குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மாலை "பீச்சுக்குப் போகலாம்" என்று கிளம்பினால், பேருந்து மாறி, வண்டி மாறி மெரினாவுக்குத்தான் போகிறது. பக்கத்துக் கடலை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் என்று எங்கள் பகுதிப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். "இங்க போனா எங்க உக்கார்றது? அவசரத்துக்கு எங்க ஒதுங்குறது? புள்ள பசின்னா என்னத்த வாங்கிக் குடுக்குறது?" என்பார்கள்.

உட்கார, ஒதுங்க, சாப்பிட. மூன்று சின்னக் கேள்விகள். இவற்றை மாநகராட்சியின் அன்றாட நிர்வாகக் குறைகளாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். மனு கொடுத்தால் 'ஆவன செய்யப்படும்' என்று பதில் வரும். ஆனால் இந்த மூன்றுக்கும் ஏறக்குறைய 150 ஆண்டு வரலாறு உண்டு என்பதுதான் நாம் இங்கே சொல்ல வருவது. வடசென்னைக் கரையில் வசதி இல்லாததை யாரோ மறந்துபோனதாக நினைத்தால் தவறு. இங்கே எடுத்ததைத்தான் அங்கே கொடுத்தார்கள்.

இப்போது இருக்கிற நிலையை முதலில் சொல்லிவிடுவோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகவே சாலை போகிறது. சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். கடல் பக்கம் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள். தூண்டில் வளைவு போட்ட இடங்களில் மட்டும் இடையிடையே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் பந்து விளையாடுவது அங்கேதான். கரையை ஒட்டிய சின்னப் பூங்காக்களில் ஊஞ்சலின் சங்கிலி அறுந்து தொங்கும். கழிப்பறை இருந்தால் பூட்டு தொங்கும். திறந்திருந்தால் தண்ணீர் இருக்காது. வளரிளம் பெண்களுக்கான ஒரு நிகழ்வுக்காக அப்படி ஒரு பூங்காவுக்கு நாங்கள் நாற்பது பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தோம். கழிப்பறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசிவரை சாவி வரவில்லை. எதிரே இருந்த வீட்டு அம்மா ஒருவர் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டார். பிள்ளைகள் அந்தச் சந்தில் வரிசையில் நின்றார்கள். அந்த அம்மா குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டே இருந்தார்.

சாப்பாடு? உள்ளே இருந்த ஒரே கடையில் காற்றடைத்த சிப்ஸ் பொட்டலமும் கலர் தண்ணீரும்தான் இருந்தன. அதுவும் பொட்டலத்தில் அச்சிட்ட விலையைவிட ஐந்து ரூபாய் கூடுதல். வெளியே ஒரு தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள், எண்ணெய் டிக்காஷன் நிறத்தில். அந்த வண்டிக்காரரைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அவருக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, கழுவ இடம் கிடையாது, நாளைக்கும் அதே இடத்தில் நிற்க விடுவார்களா என்பதும் தெரியாது. அப்படிப்பட்டவர் எண்ணெயை எப்படி மாற்றுவார்?

இனி மணலின் கதை.

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மசூலாப் படகுகளில் சரக்கையும் ஆளையும் ஏற்றி, அலையைத் தாண்டிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் காலத்தில் கடல் கோட்டைச் சுவருக்கு அருகிலேயே இருந்தது. 1842-ல் எழுந்த ஐஸ் ஹவுஸும் அப்படிக் கரையோரமாகக் கட்டியதுதான். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை இறக்கிச் சேமிக்கிற கிடங்கு அது. பனிக்கட்டியைச் சுமந்துகொண்டு அதிக தூரம் நடக்க முடியாது என்பதால் கடலுக்குப் பக்கத்தில் கட்டினார்கள். இன்று அதே கட்டடத்தின் வாசலில் நின்றால், காமராசர் சாலையைக் கடந்து மணலில் வெகுதூரம் நடந்தால்தான் காலில் தண்ணீர் படும். இடையில் இருக்கும் மணல் பிறகு வந்தது.

எங்கிருந்து வந்தது? 1870களின் நடுவில் செயற்கைத் துறைமுக வேலை தொடங்கியது. கடலுக்குள் கல் கொட்டி நீண்ட சுவர்கள் எழுப்பினார்கள். 1881 நவம்பர்ப் புயல் அதை ஒருமுறை சிதைத்துப் போட்டது, மறுபடி கட்டினார்கள். நம் கடற்கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் முழுக்க அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் திரும்பி வரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஆற்று வாய்க்கால் மாதிரி, கரையோரமாக ஓடும் மணல் வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே துறைமுகச் சுவர் விழுந்தது. மேலே இருந்தவருக்கு வரப்பு நிறைந்தது. கீழே இருந்தவருக்குக் காய்ந்தது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே மணல் வரத்து நின்றதும், இருந்த கரையையும் அலை அரித்துத் தின்றது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் என்று நூற்றுக்கணக்கான மீட்டர் கரை கடலுக்குள் போனது. பெரியவர்கள் கடலை நோக்கிக் கை நீட்டி, "எங்க தெரு அந்தா அங்க இருந்துச்சு" என்று காட்டுவது இங்கே கட்டுக்கதை கிடையாது.

1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் தெற்கே சேர்ந்த அந்தக் கரையில் உலாவும் பாதை அமைத்து, இத்தாலி நாட்டு நினைவில் 'மெரினா' என்று பெயரும் வைத்தார். 1909-ல் அங்கே மீன் காட்சியகம் திறந்தார்கள். உலகின் நீளமான கடற்கரைகளில் ஒன்று, இயற்கையின் கொடை என்று நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தக் கொடையில் பெரும்பங்கு வடக்கே வந்திருக்க வேண்டிய மணல் என்ற வரியை எந்தப் பாடப்புத்தகத்திலும் நாங்கள் பார்த்ததில்லை.

துறைமுகம் கட்டிய பொறியாளர்கள் சாதி பார்த்துக் கட்டினார்கள் என்று நாம் சொல்லவில்லை. அலைக்குச் சாதி தெரியாது. ஆனால் ஒரு சுவரின் பலன் யாருக்கு, பாரம் யாருக்கு என்று பிரிக்கும்போது ஊருக்கு நன்றாகவே தெரியும். சுவருக்குத் தெற்கே ஆளுநரின் மாளிகை, பல்கலைக்கழகம், மாநிலக் கல்லூரி. வடக்கே படகோட்டிகள், மீனவர்கள், துறைமுகக் கூலிகள், அவர்களுக்குப் பின்னால் நம் சேரிகள். பழைய ஆங்கிலேய வரைபடங்களில் கருப்பர் நகரத்து ஓரங்களில் 'பறச்சேரி' என்றே எழுதிய இடங்கள் உண்டு. மீனவரும் நாமும் ஒன்று என்று பூசி மெழுகவும் நாம் விரும்பவில்லை. குப்பத்துக்கும் சேரிக்கும் நடுவே சாதி இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் கரையைப் பறிகொடுத்த கணக்கில் இரண்டு பேரும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறோம்.

போன கரையின் எச்சம் பெயர்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள், பீச் எங்கே? எதிரே துறைமுகத்தின் மதில் சுவர். இன்றைய ராஜாஜி சாலைக்குப் பழைய பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். பின்னால் இருப்பதை இன்றும் செகண்ட் லைன் பீச் என்கிறோம். 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியது இரண்டு இடங்களில்: ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை, மற்றது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. திருவல்லிக்கேணிக்காரர் இன்றும் அந்த மணலில் போய் உட்காரலாம். உயர்நீதிமன்றத்துக்கு எதிரே உட்கார மணல் இல்லை. உழைப்பவர் கூடிய மணல் சரக்கு இறங்கும் இடமாகிவிட்டது.

கரை போன இடத்தில் என்ன வந்தது என்பதற்கு மணலியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. வயலும் ஏரியும் உப்பளமுமாக இருந்த பகுதி இது. கர்நாடக சங்கீதக்காரர்கள் மணலி என்றால் அருணாசலக் கவிராயரை ஆதரித்த மணலி முத்துகிருஷ்ண முதலியாரை நினைப்பார்கள். அந்த முதலியார்களின் வயலில் இறங்கியவர்கள் யார் என்பதை எந்தக் கீர்த்தனையும் சொல்லாது. 1969-ல் சென்னை சுத்திகரிப்பு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 1971-ல் உர ஆலை. அடுத்தடுத்து மற்றவை. எண்ணூரில் 1970-ல் அனல்மின் நிலையம் வந்தது. நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு கிடைத்தது; அந்த நிலத்தில் கூலிக்கு நின்றவருக்கு நிலத்தோடு கூலியும் போனது. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலிக்கு 76.32 புள்ளி கொடுத்து, மிகக் கடுமையாக மாசடைந்த பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலை வளாகத்திலிருந்து எண்ணெய் வெளியேறியது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சொன்னது. அந்த எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ம் தேதி இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இப்படிப்பட்ட கரையில் போய்ப் பூங்கா கேட்கிறீர்களே என்று சிலர் சிரிக்கலாம். இப்படிப்பட்ட கரையில் இருப்பவர்களுக்குத்தான் மூச்சுவிட ஓர் இடம் முதலில் வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொன்னது? 1924-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் தாத்தா ரெட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, பாதை எதிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் எதையும் சாதி இந்துக்கள் அனுபவிக்கும் அதே அளவில் தாழ்த்தப்பட்டோரும் அனுபவிக்கலாம் என்பது அதன் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் அரசாணையாகவும் வந்தது. இந்த ஆணையைத் தெருவில் நடக்கும் உரிமையாக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். 'பொதுமக்கள் கூடும் இடம்', 'அதே அளவில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். பூங்காவும் கடற்கரையும் மக்கள் கூடும் இடம்தான். அதே அளவில் என்றால் உள்ளே விட்டுவிட்டால் மட்டும் போதாது. உள்ளே இருப்பதும் அதே அளவில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு 1953-ல் தனித்தனி வசதிகள் சமமாக இருக்கத் தேவையில்லை என்று சட்டமே போட்டது. நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் தேவைப்படவே இல்லை.

இதே 1924-ல் உலகின் இன்னொரு கரையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் மன்ஹாட்டன் பீச் என்ற ஊரில் வில்லா புரூஸ், சார்லஸ் புரூஸ் என்ற கறுப்பின இணையர் 1912-ல் கடலோரமாக ஒரு மனை வாங்கினார்கள். கறுப்பர்களை மற்ற கடற்கரைகளில் அண்டவிடாத காலம். புரூஸ் குடும்பம் அங்கே உணவு விற்றது, உடை மாற்ற அறை கொடுத்தது, பிறகு தங்கும் விடுதியும் நடத்தியது. உட்கார, ஒதுங்க, சாப்பிட: நம் பெண்கள் கேட்கும் அதே மூன்றுதான். வெள்ளையர் அச்சுறுத்திப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1924-ல் நகர நிர்வாகம், பொதுப் பூங்கா அமைக்கப்போகிறோம் என்று சொல்லி அந்த இடத்தைக் கையகப்படுத்தக் கிளம்பியது. எடுத்த இடம் பல பத்தாண்டுகள் சும்மாவே கிடந்தது. 2022-ல்தான் வாரிசுகளிடம் நிலம் திரும்பியது. பூங்கா என்ற சொல்லே ஒரு வெளியேற்றக் கருவியாக முடியும் என்பதற்கு இது பாடம்.

இங்கேயும் அந்தப் பாடம் உண்டு. 1985-ல் மெரினாவை அழகுபடுத்துகிறோம் என்று எம்.ஜி.ஆர். அரசு கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற முயன்றது. மீனவர் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் விற்ற பெண்களின் கடைகள், போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றப்பட்டன. போராட்டத்துக்குப் பிறகு, 2024-ல் அங்கே ஒரு மீன் சந்தை திறந்தார்கள். அழகு, சுகாதாரம், போக்குவரத்து என்ற மூன்று சொற்கள் வரும்போதெல்லாம் கூடைக்காரிதான் முதலில் எழுந்து போக வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டுப் பிரச்சினையில் இன்னும் கொஞ்சம் நிற்போம். பூங்காக்களில் உணவு மோசம் என்று எல்லாரும் புலம்புகிறார்கள். தீர்வாக அவர்கள் கேட்பது கண்ணாடிக் கதவு போட்ட காபிக் கடை. நாம் கேட்பது அதுவல்ல. வடசென்னையில் நல்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. காசிமேட்டில் விடிகாலை இறங்கும் மீன் உலகத்துக்கே போகிறது. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ கடை போட்டார்கள். அதைத் தின்னத் தென்சென்னையிலிருந்து ஆள் வருகிறார்கள். மணலிப் பக்கமே பர்மா நகர் இருக்கிறது. மாலையானால் தெருமுனையில் மாட்டுக்கறி வறுவலும் குடல் குழம்பும் மணக்கும். இவ்வளவும் சமைக்கத் தெரிந்த ஊரில், கரையோரப் பூங்காவுக்குள் மட்டும் சிப்ஸ் பொட்டலம் ஏன்?

ஏனென்றால் பூங்காக் கடை ஏலத்தில் போகிறது. வைப்புத்தொகை கட்ட முடிந்தவர் எடுக்கிறார், கெட்டுப்போகாத பொட்டலத்தை அடுக்குகிறார். சமைக்கத் தெரிந்த பெண்ணிடம் வைப்புத்தொகை இல்லை. அவள் வெளியே தள்ளுவண்டியோடு நிற்கிறாள். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவளைக் கணக்கெடுக்க வேண்டும், அடையாள அட்டை தர வேண்டும், விற்பனைக் குழுவில் இடம் தர வேண்டும். மெரினாவில் 900 கடைகள் என்று எண்ணிக்கை வகுக்கும் அளவுக்கு உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அந்த ஒழுங்குபடுத்தலிலும் பிழைப்பு இழந்தவர்கள் உண்டு, அதை நாம் கொண்டாடவில்லை. ஆனால் அங்கே வண்டிக்காரர் ஓர் எண்ணிக்கைக்குள்ளாவது வருகிறார். எங்கள் கரையில் எண்ணுவதற்கே ஆள் வரவில்லை.

இன்னொன்று, எந்த உணவு என்பது. 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு பிரியாணித் திருவிழா அறிவித்தபோது மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று ஆட்சியருக்கு நோட்டீஸ் அனுப்பியது. 2024 டிசம்பரில் மெரினாவில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் உணவுத் திருவிழா நடந்தபோதும் மாட்டுக்கறி எங்கே என்ற கேள்வி எழுந்தது. அரசு இடத்தில் அரசு நடத்தும் அடுப்பில் எங்கள் உணவு வேகக் கூடாது என்றால், 1924-ன் 'அதே அளவில்' இன்னும் அடுப்படிக்குள் வரவில்லை என்று பொருள். சுகாதாரம் வேண்டும் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. கெட்ட எண்ணெயால் வயிறு கெடுவது நம் பிள்ளைகளுக்குத்தான். ஆனால் சுகாதாரம் என்ற பெயரில் சைவப் பட்டியலை நீட்டினால் அது வேறு வியாதி.

கழிப்பறை விஷயத்துக்கு ரிப்பன் மாளிகை வழியாகப் போவது நல்லது. 1859-ல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் தொடங்கிவைத்த பூங்கா ஒன்று இருந்தது. பெயரே மக்கள் பூங்கா. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்கள் அதிலிருந்து வந்தவை. அதில் இருந்த விலங்குக் காட்சிசாலையைத்தான் நம் பாட்டிமார் உயிர்க் காலேஜ் என்றார்கள். அந்தப் பூங்கா மெல்ல மெல்லத் துண்டாகி, ஒரு துண்டில் மூர் மார்க்கெட், ஒரு துண்டில் 1913-ல் ரிப்பன் மாளிகை என்று கரைந்துபோனது. உயிர்க் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போனது. வடசென்னை மக்கள் நடந்தே போகக்கூடிய பெரிய பூங்கா அத்தோடு முடிந்தது. அதன் நிலத்தில் நிற்கும் ரிப்பன் மாளிகைக்கு வெளியே 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பணி தனியாருக்குப் போவதை எதிர்த்து 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களைத் தூக்கிக்கொண்டு போனது. நாம் கேட்கும் கழிப்பறையைக் கட்டுவது ஒரு நாள் விழா. அதைத் தினமும் கழுவப் போவது யார், என்ன கூலிக்கு என்பது இந்தப் போராட்டத்தின் கேள்வி. 'கழிப்பறை வேண்டும்' என்று மட்டும் நாம் கேட்டால், நம் அக்காவின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு அவள் கூலியைக் குறைத்துக்கொள்வார்கள். இரண்டையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அதே மாளிகையின் மேயர் நாற்காலியில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1930களிலேயே உட்கார்ந்தார். 1945-ல் என். சிவராஜ். 2022 முதல் வடசென்னைப் பெண் ஆர். பிரியா. நாற்காலி நமக்குக் கிடைத்திருக்கிறது. பூங்காக் கழிப்பறையின் சாவி இன்னும் கிடைக்கவில்லை.

2023-24 பட்ஜெட்டில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் என்று 1000 கோடி ரூபாய் அறிவித்தார்கள். பிறகு அந்தத் தொகை பெருகியது. கடற்கரை மேம்பாடு, மணலி ஏரி, கடப்பாக்கம் ஏரி என்று வேலைகள் வரிசையாக வருகின்றன. நடைபாதை, படகு, விளக்கு, செல்ஃபி எடுக்க ஒரு பெயர்ப் பலகை. வரட்டும், நாம் எதிர்க்கவில்லை. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதையை 2022 நவம்பர் இறுதியில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சிதைந்தது. உடனே ஊடகம் கேட்டது, சரிசெய்தார்கள். எங்கள் கரையில் ஒன்று உடைந்தால் கேட்க யார் வருவார்கள் என்பதுதான் எங்கள் கவலை. எண்ணூர்க் கடலில் குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். மெரினாவில் இருப்பது போல உயிர்காப்புக் காவலர்கள் இங்கேயும் நிற்கட்டும்.

மணலி ஏரிக்கரையில் வேலை நடக்கும்போதே சில விஷயங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைகளை ஏலம் விடாமல், சடையங்குப்பம், பர்மா நகர், இருளர் காலனிப் பெண்களின் குழுக்களுக்கு வைப்புத்தொகை இல்லாமல் ஒதுக்க வேண்டும். வெள்ளம் வரும்போதெல்லாம் முதலில் மூழ்குகிறவர்கள் அவர்கள். கடைக்குக் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் மாநகராட்சியின் பொறுப்பு. எந்த உணவு என்று பட்டியல் போடும் அதிகாரம் எந்த அலுவலருக்கும் வேண்டாம்; உணவுப் பாதுகாப்பு விதி ஒன்று போதும், அது மீனுக்கும் மாட்டுக்கும் இட்லிக்கும் பொது. அம்மா உணவகம் 2013-ல் தொடங்கியது கடலோரச் சாந்தோமில்தான். அப்படி ஒன்று ஏரிக்கரையிலும் எண்ணூர்க் கரையிலும் வரலாம். கழிப்பறையைச் சுத்தம் செய்பவர் மாநகராட்சியின் நேரடிப் பணியாளராக இருக்கட்டும். சாவி பகல் முழுவதும் அவரிடமே இருக்கட்டும்.

இவற்றை எழுதி, 1924 அரசாணையின் சாரத்தையும் இணைத்து, ஒரு மனு தயாரித்திருக்கிறோம். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். மணலி மண்டலத்தில் இருக்கும் தோழர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். தள்ளுவண்டி வைத்திருக்கும் அக்காக்களையும் கூட அழைத்து வாருங்கள்; கடை எங்கே போட்டால் விற்கும் என்பது எங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.